சிவப்பு ஸ்டூல்

அந்த சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. ஆளே வராத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். அதனாலேயே அங்கே யாரும் நிலைப்பதில்லை. பெயர் பழகுவதற்குள் முகம் மாறிவிடும். மரகதம் வேலையை விட்ட அன்று சீருடைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். தினமும் தூசி தட்டி அடுக்கிவைத்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்களில் ஒன்றை எடுத்து, காசு கொடுத்துப் பில் வாங்கினாள். வாசலுக்குப் போகவில்லை. பருப்பு வரிசைக்கு நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்தாள். வீங்கிய கால்களை நீட்டியதும் வாய் தானாக "அப்பாடா" என்றது.

"ஏய், எந்திரி!" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

அவள் பில்லைக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் குரலில், "வேற என்ன வேணும் மேடம்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம் சார். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

அவர் நகர்ந்ததும், சோப்பு வரிசையில் சீருடையோடு நின்ற ஜெசிந்தா வலதுகாலிலிருந்து இடதுகாலுக்கு மாறியபடி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த மாதிரி ஸ்டூல் இன்னொண்ணு இருக்கா?"