மூன்றாவது தடவையும் நம்பர் பிளேட்

“மூணாவது தடவை! ஒரு நம்பர் பிளேட்டை நாலு ஸ்க்ரூ போட்டு நிறுத்தத் தெரியல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்!”

முதலாளி போட்ட சத்தத்தில், பக்கத்து காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் பெண், ஒரு பக்கமாகத் தொங்கிய பிளேட்டைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒர்க்‌ஷாப்பில் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கார் ஒரு டீச்சருடையது. டீச்சர் என்றால் சும்மா இல்லை, தலைமை ஆசிரியை. பொய் சொன்ன பிள்ளையை எதிரே நிறுத்தி ஒரு பார்வை பார்த்தால் போதும், உண்மை பொலபொலவென்று கொட்டிவிடும். அப்பேர்ப்பட்டவர் இப்போது கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, தரையில் சிந்தியிருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“விடுங்க சார், சின்ன விஷயம்தானே” என்றார், குரலே எழும்பாமல்.

“எது மேடம் சின்ன விஷயம்? பிளேட் ரோட்டுல விழுந்து தொலைஞ்சா போலீஸ் உங்களைத்தான் பிடிப்பாங்க, இவளையா பிடிப்பாங்க?” முதலாளி அவள் பக்கம் திரும்பினார். “போன வாரம் என்ன பண்ணின?”

“நாலும் புது ஸ்க்ரூ, வாஷர் வெச்சுப் போட்டேன் சார். அதுக்கு முந்தின வாரம், உள்ள மரை தேஞ்சிருக்குமோன்னு பிளாஸ்டிக் நட்டையே மாத்தினேன்.”

“அப்புறம் எப்படி நாலுல மூணைக் காணோம்? காத்து வந்து கழட்டிட்டுப் போச்சா?”

நாலு பக்கமும் சிரிப்பு. டீச்சருக்குக் காது மடல் சுட்டது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

“மிச்சம் இருக்கிற ஒண்ணைக் கழட்டிக் காட்டு.”

அவள் கழற்றினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல்கள். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து, வேலை தெரியாத யாரோ திருப்பியிருக்கிறார்கள். வண்டி ஓடும் ஆட்டத்தில் தானாகக் கழலும் ஸ்க்ரூவில் அப்படிக் கீறல் விழாது. இது அவளுக்குத் தெரியாதா என்ன?

முதலாளி குனிந்தார். அவளுடைய கட்டைவிரல் நைசாக நகர்ந்து ஸ்க்ரூவின் தலையை மூடிக்கொண்டது.

“ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் சரியா முறுக்காம விட்டிருப்பேன்.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விரல் நகர்ந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“ஒத்துக்கிட்டா ஆச்சா? என் கடை பேரு என்ன ஆகுறது? நாளையிலேருந்து வர வேணாம். உன்னைச் சேர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பிளேட்டை மட்டும் ஒழுங்கா மாட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன் சார்” என்றாள்.

அதற்கு மேல் டீச்சரால் முடியவில்லை.

“நான்தான் கழட்டினேன்.”

“என்னது?”

“மூணு தடவையும் நான்தான். வீட்டுல வெச்சு, நானே.” கைப்பையைத் திறந்து உள்ளங்கையை நீட்டினார். காணாமல் போன மூன்று ஸ்க்ரூக்களும் அதில் இருந்தன. “அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

ஒர்க்‌ஷாப்பில் சிரித்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி அந்தக் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதுக்கு மேடம்?”

எத்தனையோ பிள்ளைகளிடம் டீச்சர் கேட்ட கேள்விதான் அது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் இதைவிடக் கேவலம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“சரியாப் போச்சு! மரை கழண்டது வண்டிக்கு இல்லடா டேய்” என்று முதலாளி தன் நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நீ நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீச்சரின் கண் கலங்கியது. வேண்டும், எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவை நீளமான போல்ட்டு போட்டு, பின்பக்கம் நட்டு வெச்சு இறுக்கிடறேன் டீச்சர். வெறும் ஸ்க்ரூடிரைவர் வெச்சுத் திருப்பினா கழலாது.”

குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் வலித்தது.

“இத்தனை பேர் முன்னாடி உன்னைத் திட்டு வாங்க வெச்சுட்டேனேம்மா. வெட்கமா இருக்கு. அந்தக் கீறலை நீ பார்த்தேல்ல?”

“போன வாரமே பார்த்தேன்.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே! வேலை போற நேரத்துலகூட வாயைத் திறக்காம எனக்காக ஏன் மறைச்ச?”

அவள் கடைசி நட்டை இறுக்கினாள். பிளேட்டை அசைத்துப் பார்த்தாள், அது ஆடவில்லை. நிமிர்ந்து முதல் தடவையாக டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்க பையன் போன்ல உங்க போட்டோவைப் பார்த்திருக்கேன். மெக்கானிக் பொண்ணெல்லாம் நம்ம வீட்டுக்கு வேணாம்னு சொன்னவங்க, என்னைப் பார்க்கத்தானே திரும்பத் திரும்ப வர்றீங்க. கேட்டுட்டா அப்புறம் வராமலே போயிடுவீங்களேன்னு பயந்துதான் சும்மா இருந்தேன், அத்தை.”