கையில் சிக்கியவர்

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் கணவனும் மனைவியும் காத்திருந்தார்கள். படியேறி வந்ததில் கணவருக்கு மூச்சு வாங்கியது. புதிதாகச் சேர்ந்த இளம் பெண் டாக்டர் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ரொம்ப நாளா டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு எதனால உயிராபத்து வருதுன்னு ஆராய்ச்சி பண்றேன் சார். கொஞ்சம் கேக்கலாமா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “தாராளமா கேளும்மா.”

“சர்க்கரை இருக்கா?”

“இருக்கு. மாத்திரைதான் போடமாட்டாரு.”

“பிரஷர்?”

“போன மாசம் மயங்கி விழுந்தாரு. வாயுத்தொல்லைன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு.”

“உப்பைக் குறைச்சாச்சா?”

“தட்டு ஓரத்துல தனியா வெச்சுக்குவாரு. சிகரெட்டை மட்டும் எனக்குத் தெரியாம குடிக்கறதா நெனப்பு.”

கணவர் நெளிந்தார். “இவ ஒண்ணுக்குப் பத்தா சொல்றா டாக்டர்.”

“இதுல பாதி உண்மையா இருந்தாலே நெஞ்சு தாங்காது சார். முதல்ல ஈ.சி.ஜி. எடுங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

முகம் வெளுத்துப்போன கணவர், டாக்டர் கூப்பிட்ட ஊழியரின் பின்னால் நடந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “மெஷின் ரெடி. வாங்கம்மா.”

மனைவி எழுந்தாள். டாக்டர் திகைத்தாள். “டயாலிசிஸ் உங்களுக்கா? அப்ப அவரு?”

“எனக்குத் துணைக்கு வர்றவரு. நாலு வருஷமா எனக்குச் சொட்டுத் தண்ணியைக்கூட அளந்துதான் குடுக்கறாரு. தனக்குன்னா ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டாரு. இன்னிக்குத்தான் சிக்கினாரு. விட்டுடாதேம்மா.”