வெள்ளிக்கிழமை மீன் சூப்

"மீன் சூப்பா? வெள்ளிக்கிழமையிலயா?" என்று மேசையைத் தட்டினார் ஹால்வார்ட். அவருடைய இரண்டரை வயது மகன் சோன்ட்ரே இன்னும் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை.

"பயிற்சி பையனுக்கு, உனக்கில்ல. பேசாம உக்காரு," என்றாள் மனைவி துரீட்.

ட்ரோன்ஹெய்ம் நகரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு டாக்கோதான். மடித்த ரொட்டி, உள்ளே கறியும் காயும். சோன்ட்ரே இன்னும் ஒரு படி மேலே. அதே மஞ்சள் கிண்ணம், அதே நாற்காலி, சோளமணிகள் வரிசையாக. ஒன்று மாறினாலும் அழுது ஊரைக் கூட்டிவிடுவான். ஆகஸ்டில் புது மழலையர் பள்ளி. அங்கேயும் இப்படியே இருந்தால் பிள்ளை பட்டினிதான்.

அதற்காகத்தான் நகராட்சியின் குழந்தை வளர்ப்பு ஆலோசகர் இங்வில்ட் வந்திருந்தார். "கிண்ணம், நாற்காலியெல்லாம் அப்படியே இருக்கட்டும். சாப்பாட்ட மட்டும் மாத்துவோம். அவன் உங்க மூஞ்சியத்தான் பாப்பான். நீங்க ரசிச்சுச் சாப்பிட்டா அவனும் சாப்பிடுவான்," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

கம்பெனி கம்பெனியாகப் போய், 'மாற்றத்தைக் கட்டித் தழுவுங்கள்' என்று பேசுவதுதான் ஹால்வார்டின் தொழில். போன வாரம்கூட அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இப்போது ஒரு கரண்டி சூப் தொண்டையில் இறங்க மறுத்தது.

சோன்ட்ரே கிண்ணத்தைப் பார்த்தான். உதடு துடித்தது. அப்பாவைப் பார்த்தான்.

"ஆஹா, பிரமாதம்!" என்றார் ஹால்வார்ட், கண்ணில் நீர் முட்ட.

"விஷம் குடிக்கிற மாதிரி இருக்கு. நல்லா நடி," என்று கிசுகிசுத்தாள் துரீட்.

அடுத்த கரண்டியை அவர் 'சர்ர்' என்று உறிஞ்சியதும் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கேரட் துண்டை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தான். பக்கத்தில் இன்னொன்று. அடுத்ததை வாயில் போட்டான். மூன்று பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பாதிக் கிண்ணம் காலியானது.

துரீட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹால்வார்ட் வாய்விட்டுச் சிரித்தார்.

"இனிமே மேடையேறுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் சூப்பக் குடுத்துப் பாருங்கப்பா. ஃபெயிலானா அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுங்க!"

அந்த உற்சாகத்தில் இன்னொரு கிண்ணத்தை நிரப்பி நீட்டினார். "உங்க புண்ணியம் இங்வில்ட். ஒரு வாய் நீங்களும் சாப்பிடுங்க."

அதற்குள் இங்வில்ட் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தார். சூப்பைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயையோ, வேணாங்க! வீட்டுல டாக்கோ செஞ்சு வெச்சிருப்பாங்க. இன்னிக்கு வேற எதுவும் எனக்கு இறங்காது!"