நீல நூல்கண்டு

போனில் பணம் கட்டுகிறவர்களை மட்டும் உயிரோடிருப்பவர்களாக நகராட்சி பதிந்துகொண்ட வருடம் அது. தையல்காரி கையில் காசு கொடுத்தே பழகியவள், பாவம். பட்டியலில் அவள் பெயர் விடுபட, மருந்து அட்டையும் நின்றுபோயிற்று.

"உங்க வீட்டுக்காரர் நேத்துகூட போன்ல பணம் கட்டி நீல நூல்கண்டு வாங்கியிருக்காரே அக்கா. அவர் வந்து கைரேகை வச்சா உங்களைச் சேர்த்துடலாம்" என்றார் நகராட்சி அலுவலகக் குமாஸ்தா.

"அவர் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு தம்பி."

"லிஸ்டுல நல்லாத்தான் இருக்கார்."

வீட்டுக்கு வந்து தையல் பெட்டியைத் திறந்தாள். புது நீல நூல்கண்டு இருந்தது. அவருக்கென்று தைத்து, நூல் தீர்ந்து இடது கை இல்லாமல் நின்றுபோன சட்டையை எடுத்து, அந்தக் கையையும் வைத்துத் தைத்தாள். நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுத்தாள்.

காலையில் நாற்காலி வெறுமையாக இருந்தது. அலுவலகத்துக்குப் போனாள்.

"சேர்த்தாச்சு அக்கா. கதவு திறக்கும்போதே வந்து நின்னார். சட்டை எடுப்பா இருக்கேன்னு கேட்டேன். வீட்டுக்காரி தச்சதுன்னு இடது கையைத் தடவிக் காட்டினார்."