சின்னக் கப்பல்

"லிஃப்ட் கிடையாது, நீச்சல் குளம் கிடையாது, ஒரு பால்கனி கூடக் கிடையாது. இதுக்குப் பேரு கப்பலாப்பா? தீப்பெட்டி."

மகள் அந்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை மேஜைமேல் வீசினாள். பல் மருத்துவர். கிளினிக்கிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தாள். முகக்கவசம் இன்னும் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அதை எடுத்து மறுபடி விரித்துக்கொண்டார். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். வடக்கே, மனித நடமாட்டம் குறைந்த தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் போகப்போவதாகக் காலையில் காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நேராக இந்தப் பயண ஏஜென்சிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவரை மடக்க மகளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மாமியாரைக் கூட்டி வந்திருந்தாள்.

மாமியார் பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்தவர். அவர் வராண்டாவில் செருமினால் மூன்றாம் மாடியில் ரேடியோ நிற்கும் என்பார்கள். விதவை. மகனோடு அதே வீட்டில்தான் இருக்கிறார்; கீழறையும் சமையலறையும் அவர் ராஜ்யம். "அத்தை, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு" என்று மருமகள் போனில் சொன்னதும் மறுபேச்சு பேசவில்லை. கார் போய்ச் சேரும்போது கைப்பையோடு வாசலில் நின்றிருந்தார்.

இப்போது சம்பந்திகள் இருவருக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களே கேளுங்க அத்தை."

அத்தை கேட்டார். எடுத்த எடுப்பிலேயே ஏஜென்சிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடல் கொந்தளித்தால் இத்தனூண்டு கப்பல் தாங்குமா? தீவில் இறங்க ரப்பர் படகு என்கிறீர்களே, ஏறி இறங்கும்போது கைபிடிக்க ஆள் உண்டா? ராத்திரி அறை சூடாக இருக்குமா? கழிவறை அறைக்குள்ளேயா, இல்லை நடையின் கோடியிலா?

எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். அத்தை விடவில்லை. கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்பதுவரை போனார். ஒவ்வொரு கேள்விக்கும் மகள், "அப்படிக் கேளுங்க" என்பதுபோல் தலையாட்டினாள்.

கடைசியில் அத்தை நேராக அப்பாவிடமே திரும்பினார்.

"பெரிய கப்பல்ல போனா என்ன குறைஞ்சுபோச்சு சம்பந்தி?"

மகளிடம் வாயே திறக்காதவர் இவரிடம் பணிவாகப் பேசினார். "அது அந்தக் குறுகலான இடத்துக்குள்ளே எல்லாம் நுழையாது சம்பந்தியம்மா. அதுல போனா கப்பல்லேர்ந்து தீவைப் பாக்கலாம். இதுல போனா தீவுல நின்னு கடலைப் பாக்கலாம்."

"குளிர் ஒத்துக்காம படுத்துட்டா?"

"பாத்துக்க ஆள் இருக்கும்."

"யாரு இருப்பா?" மகள் பொறுமையிழந்தாள். "அந்தக் கடல் பறவைங்களா?"

பிறகு அடக்கிவைத்திருந்தது எல்லாம் கொட்டியது. அது பள்ளி திறக்கிற மாதம். இரட்டைப் பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது, யார் அழைத்து வருவது? கிளினிக்கை மூடிவிட்டு அவள் பள்ளி வாசலில் நிற்க முடியுமா? கணவருக்கோ நேரம் கெட்ட நேரத்தில் வேலை. இதெல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கலந்து பேசாமல் கிளம்புவது என்ன நியாயம்?

அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது.

"நீ என்னைக் கலந்து பேசினியா?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் ஏஜென்சிப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். "போன லீவுக்கு நீங்க நாலு பேரும் மலைக்குப் போனீங்க. வீட்டைப் பூட்ட வேண்டாம், பெரியவங்க இருக்காங்கன்னு நீ போன்ல சொன்னது என் காதுல விழுந்துது. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரது எனக்குப் பாரமே இல்லம்மா. ஆனா நான் உனக்கு அப்பாவா, வாட்ச்மேனா? அதை மட்டும் சொல்லிடு."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை பாடுபட்டும் கடைசியில் கெட்ட பேர் தனக்குத்தானா? அந்நியப் பெண் எதிரில் இப்படிக் கேட்டுவிட்டாரே. ஆதரவுக்கு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா அத்தை, இவர் பேசறதை? எனக்காக வேண்டாம், உங்களுக்காகவாவது யோசிக்க வேண்டாமா? இவர் பாட்டுக்குக் கிளம்பிட்டா, ரெண்டு வாலுங்களையும் வெச்சுக்கிட்டு வீட்டுல நீங்க ஒருத்தரா எப்படிச் சமாளிப்பீங்க? அதைக் கொஞ்சமாவது நினைச்சாரா?"

அத்தை மருமகளின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நினைச்சுத்தாம்மா என்னையும் கூப்பிட்டாரு. நான்தான் கேக்க வேண்டியதை எல்லாம் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றவர், ஏஜென்சிப் பெண்ணிடம் திரும்பினார். "சின்னக் கப்பல்லயே ரெண்டு அறை போட்டுடும்மா. ஜன்னல் பெருசா இருக்கறது எனக்கு."