ஒரே செடியின் புழுக்கள்

2022 நவம்பர் 14. பெரம்பலூர் மாவட்டம், செங்காட்டூர். மக்காச்சோளக் காட்டில் இருபது படைப்புழுக்கள் எடுக்கப்பட்டன.

பிப்ரவரியில் அந்த இருபதின் மரபணு விவரமும் ஆய்வகக் கணினிக்கு வந்தது.

புழுக்களைச் சேகரித்து வந்த ஆராய்ச்சி மாணவி எழுந்து நின்று பார்த்தாள்.

இருபதும் உடன்பிறப்புகள். ஒரு தாய் ஒரே இடத்தில் இட்ட முட்டைகள்.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு ஊரைப் பற்றிப் பேச முடியாது.

பேச வேண்டியிருந்தது செங்காட்டூரைப் பற்றித்தான். அவள் ஆய்வுக்கு எடுத்த பன்னிரண்டு ஊர்களில் அங்கு மட்டும்தான் மூன்று முறை மருந்தடித்தும் புழு சாகவில்லை. அது வேறெங்கிருந்தோ வந்த கூட்டம் என்று மரபணு காட்டிவிட்டால், அந்த ஊருக்கு வேறு மருந்து கேட்கலாம்.

அறிக்கை கொடுக்க இன்னும் நான்கு நாள்.

செடிக்கு ஒரு புழு என்பதுதான் முறை. பத்தடி தள்ளி அடுத்த செடி. மற்ற ஊர்களில் அப்படித்தான் நடந்து நடந்து பொறுக்கினாள். செங்காட்டூரில் காட்டுக்காரர் அகிலாண்டம் டிபன் பாக்ஸில் புழுவைத் தயாராக வைத்திருந்தார். அவள் நன்றி சொல்லி வாங்கி, ஸ்பிரிட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்கவில்லை.

இப்போது போனில் கேட்டாள்.

“ஒரே செடிதான் பாப்பா. பொடிப் பொடியா அப்பிக் கெடந்துச்சு. நீ எதுக்கு வெயில்ல அலையணும்னு அப்படியே வழிச்சுப் போட்டேன்.”

“இப்ப காட்டுல புழு இருக்குமாக்கா?”

அகிலாண்டம் சிரித்தார்.

“புழு இருக்கணும்னு வேண்டிக்கிற மொத ஆளு நீதான். கதிரறுத்து உழுது மாசமாச்சே.”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள்.

உழுத காடு. வெறும் கட்டி.

வரப்பில் தேடினாள். கிணற்று மேட்டில் தேடினாள். பக்கத்துக் காடுகளிலும் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். முட்டி போட்டு, கையால் களையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அகிலாண்டமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே குனிந்தார்.

பிற்பகல் வரை தேடி, சிந்திய மணியில் முளைத்த இரண்டு செடிகள்தான் கிடைத்தன.

ஒன்றின் குருத்துக்குள் ஒரு புழு.

அகிலாண்டம் அதை இரண்டு விரலால் பதமாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“ஒண்ணு போதாதா பாப்பா?”

அவள் கையை மூடவில்லை.

அறிக்கை பதினோரு ஊர்களின் கணக்கோடு போனது. பன்னிரண்டு ஊர்களுக்கும் பழைய மருந்தே பரிந்துரைக்கப்பட்டது.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் அகிலாண்டம் அந்த மருந்தை ஐந்து முறை அடித்தார்.