உள்பக்கக் கோழி

"முப்பத்தோரு பீஸ் ரிஜெக்ட், மொதலாளி."

செக்கிங் பார்க்கும் நாகஜோதி ஒரு பனியன் கட்டைத் தனியே தள்ளி வைத்தாள்.

கந்தவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடையது பனியனில் படம் பிரிண்ட் அடிக்கும் சின்ன யூனிட். இந்த ஆர்டரே மொத்தம் இருநூறு பீஸ்தான்.

"அப்படி என்ன தப்பு அம்மிணி?"

"வெளிப்பக்கம் நிழலடிக்குது, பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சாம்பல் கலர் பனியன். உள்பக்கம், ராணுவத் தொப்பிக்குள் உட்கார்ந்து முட்டையிடும் ஒரு கோழி. கீழே புரியாத எழுத்து.

கோயமுத்தூரில் படிக்கிற வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கொடுத்த ஆர்டர். படம் உள்ளேதான் இருக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பிரிண்டர் ஜெயபாண்டி அடிக்கும்போதே விழுந்து விழுந்து சிரித்தான்.

வெளிப்பக்கம் உற்றுப் பார்த்தால், கோழிக்கொண்டை மாதிரி லேசாக ஒரு கருப்பு.

"அட, போங்கம்மிணி! கோழிப்பண்ணை விளம்பரத்தை உள்ளுக்குள்ள அடிக்கச் சொன்னதே கிறுக்குத்தனம். இதை யாரு பாக்கப் போறாங்க?"

"பாத்துட்டா?"

ஜெயபாண்டி ஓடிவந்தான். "யக்கா, நாளைக்கு மகளுக்குக் காதுகுத்து. அஞ்சு மணிக்கு மதுரை பஸ்ஸைப் பிடிக்கணும். விட்டுரு, யக்கா."

"வேற பனியன் எடுத்து அடிச்சுக் குடுத்துட்டுப் போ. ஏழு மணிக்கும் பஸ் இருக்கு."

"ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதுக்கா."

கந்தவேலுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்து வருஷம் செக்கிங்கில் இருந்தவள். அந்தக் கெடுபிடி இன்னும் போகவில்லை.

"பாஸ் பண்ணுங்க. அந்தப் புள்ளைகிட்ட நான் பேசிக்கறேன். சின்னப் புள்ளைதானுங்க, ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கும்."

"வாங்கிக்கிடும் மொதலாளி. அதான் எனக்குப் பயமே."

"இதுல என்ன பயம்?"

நாகஜோதி கொஞ்சம் தயங்கினாள். வெளியே யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"யாருட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிச்சு. சாம்பிள் பாக்க வந்த அன்னைக்கு, பனியனை வெயில்ல தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். அவங்க நாட்டுல ராணுவ ஆட்சியாம். இந்தப் படத்தைச் சுவத்துல ஒட்டுனதுக்கு இந்தப் புள்ளையோட அண்ணன் ஜெயில்ல கெடக்கானாம்."

"அப்ப இது கோழிப்பண்ணை இல்லீங்களா?"

"இல்ல மொதலாளி. இனிமே சுவரே வேண்டாம்னு பனியனுக்குள்ள போட்டுக்கிட்டுப் போறாங்க. ஒரு நாள் எல்லாரும் சந்தையில கூடி, ஒரே நேரத்துல திருப்பிப் போட்டுக்கிடுவாங்களாம். இருநூறு கோழி!"

ஜெயபாண்டி சிரித்துவிட்டான். நாகஜோதி சிரிக்கவில்லை.

"அதுக்கு முன்னாடி ஒருத்தர் மேல நிழல் தெரிஞ்சாலும் போச்சு. நமக்கு அது ஒரு பீஸ் ரிஜெக்ட். அங்க ஒரு புள்ளைக்கு ஜெயிலு."

ஜெயபாண்டி மறுபடி அடிக்க ஸ்கிரீனைக் கழுவப் போனான். போகிற வழியிலேயே வீட்டுக்கு போன் போட்டு, "ஏழு மணி பஸ்லதான் வருவேன்" என்றான்.

கந்தவேல், நாகஜோதி ஏற்கெனவே பாஸ் பண்ணி வைத்திருந்த கட்டுகளை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

கால் மணி நேரம் கழித்து அங்கிருந்து கோபமாக ஒரு சத்தம் வந்தது.

"ஏனம்மிணி, இந்த நாலு பீஸை எப்படிப் பாஸ் பண்ணுனீங்க?"